பொறுக்கிய குண்டு, தீர்ந்த மருந்து: 1759-ல் மெட்ராஸ் எப்படித் தப்பிச்சது?

இந்த எபிசோடை ஒரு பால் பாக்கெட்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2015 டிசம்பர். மேற்குத் தாம்பரத்துல எங்க தெருவுல முழங்கால் அளவு தண்ணி. அப்போ நான் காலேஜ் பையன். மூணாவது நாள் முனைக் கடை திறந்திருக்குன்னு கேள்விப்பட்டு ஓடினேன். பால் பாக்கெட் பல மடங்கு விலை. எனக்கு முன்னாடி நின்னவர் பத்துப் பாக்கெட் வாங்கினார். கையில காசு இருந்ததால நானும் எட்டுப் பாக்கெட் அள்ளிக்கிட்டு வந்தேன். அம்மா பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "கரண்ட் இல்ல, ஃபிரிட்ஜ் ஓடல. எட்டை எங்கடா வைப்ப?" சாயந்திரத்துக்குள்ள அஞ்சு பாக்கெட் திரிஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருந்தது. அவங்களுக்கு அன்னைக்குப் பால் கிடைக்கலங்கிறது மறுநாள்தான் தெரிஞ்சது.

தட்டுப்பாடு வந்தா மூணு கேள்வி வரும். எது நிஜமாவே தீர்ந்துபோகும்? எதைத் திரும்பப் பயன்படுத்தலாம்? நாம சேர்த்து வைக்கிறதுக்கு விலை கொடுக்கிறது யார்? இந்த மூணு கேள்விக்கும் நம்ம ஊர்லயே ஒரு பழைய வழக்கு இருக்கு. பொருள் மட்டும் வேற. பால் இல்ல, பீரங்கிக் குண்டும் வெடிமருந்தும்.

அமெரிக்காவுல 2020, 2021 சமயத்துல கடைகள்ல துப்பாக்கித் தோட்டா கிடைக்காம பெரிய தட்டுப்பாடு வந்தது. பயத்துல ஆளாளுக்குப் பெட்டி பெட்டியா வாங்கிச் சேர்த்தாங்க. சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, புது மருந்தும் குண்டும் வெச்சு மறுபடி தோட்டா செய்யறவங்களும் அங்க நிறைய. அதை ரீலோடிங்னு சொல்வாங்க. நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது ஆயுதச் சட்டப்படி குற்றம், அதனால இது நமக்குப் பழக்கமில்லாத உலகம். ஆனா சுட்டதைப் பொறுக்கி மறுபடி சுடற பழக்கம் மெட்ராஸுக்குப் புதுசு இல்ல. 1759-ல இந்த ஊர் கை மாறாம இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

தாம்பரம் டு பீச்

இந்தக் கதைக்கு மேப் வேண்டாம், நம்ம எலெக்ட்ரிக் ட்ரெயின் போதும். தாம்பரத்துல ஏறினா பல்லாவரம், பரங்கிமலை, எழும்பூர், கோட்டை, பீச். தெற்கே வண்டலூரைத் தாண்டிப் போனா செங்கல்பட்டு. அந்த முற்றுகையோட முக்கியமான இடங்கள் பெரும்பாலும் இந்த ஒரே கோட்டுல வந்துடும்.

பின்னணி சுருக்கமா: ஐரோப்பாவுல ஏழாண்டுப் போர் நடக்குது. இங்க புதுச்சேரியில பிரெஞ்சுக்காரர்கள், மெட்ராஸ்ல ஆங்கிலேயக் கம்பெனி. 1746-ல பிரெஞ்சுப் படை மெட்ராஸை ஒருமுறை பிடிச்சிருந்தது. கோட்டை சில நாள்லயே சரணடைஞ்சது. 1749-ல ஒப்பந்தப்படி ஊர் திரும்பக் கிடைச்சது. அந்த அவமானத்துக்கு அப்புறம்தான் ஜார்ஜ் கோட்டையை ஒழுங்கா பலப்படுத்த ஆரம்பிச்சாங்க.

1758 ஏப்ரல்ல லாலி புதுச்சேரியில் வந்து இறங்கினார். அயர்லாந்து வம்சாவளி பிரெஞ்சுத் தளபதி. துணிச்சல்காரர், முன்கோபி. வந்த வேகத்துல கடலூரைப் பிடிச்சார், ஜூன் தொடக்கத்தில் அதன் பக்கத்திலிருந்த செயின்ட் டேவிட் கோட்டையையும் பிடிச்சார். அடுத்து மெட்ராஸ்தான் இலக்கு. ஆனா கஜானா காலி.

காசுக்காக அவர் தஞ்சாவூர் பக்கம் திரும்பினார். சந்தா சாகிப் காலத்துல தஞ்சை அரசர் எழுதிக்கொடுத்த 56 லட்சம் ரூபாய் பாக்கிப் பத்திரம் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அதை வசூலிக்கப் போனார். அரசர் பிரதாப சிங் பேச்சுவார்த்தையிலேயே நாளைக் கடத்தினார். கோபத்தில் லாலி கோட்டையைச் சுற்றி வளைச்சார். வளைச்ச பிறகுதான் கையிருப்பைப் பார்த்திருப்பார் போல. மருந்து குறைவு, சாப்பாடு குறைவு, பெரிய பீரங்கிக்குக் குண்டும் குறைவு. தஞ்சைக்காரர்கள் சுட்டு விழுந்த குண்டுகளைப் பொறுக்கித் திருப்பிச் சுடற நிலைமை. அந்த நேரம் பார்த்து ஆங்கிலேயக் கப்பல்கள் காரைக்காலை மிரட்டுவதாகச் செய்தி வந்தது. ஆகஸ்ட்ல முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

இப்படி எதிரியோட குண்டை நம்பிப் போர் நடத்தின ஒருத்தர், நாலே மாசத்துல மெட்ராஸ் வாசலுக்கு வந்து நிக்கிறார்.

குண்டு திரும்பி வரும், மருந்து வராது

இங்க கொஞ்சம் டெக்னிக்கல். அந்தக் காலத்துப் பீரங்கிக்கு முக்கியமா வேண்டியது மூணு பொருள்.

முதல்ல இரும்புக் குண்டு. கெட்டியான உருண்டை, வெடிக்காது. வேகத்துல மோதிச் சுவரை உடைக்கும், அவ்வளவுதான். மோதின பிறகும் பெரும்பாலும் உருண்டையாவே கிடக்கும். நம்ம தண்ணீர் கேன் மாதிரி: காலி கேனைக் கொடுத்தா மறுபடி பயன்படும்.

ரெண்டாவது வெடிகுண்டு. உள்ளீடற்ற இரும்பு ஓடு, உள்ளே மருந்து, மேலே திரி. மார்ட்டர்ல வெச்சு உயரமா எறிவாங்க. விழுந்து வெடிச்சா சில்லு சில்லாப் போயிடும். இது பால் பாக்கெட் ரகம், ஒரு தடவைதான்.

மூணாவது வெடிமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கலவை. அதுல ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. இந்தியாவுல நல்ல வெடியுப்புக்கு பீகார்தான் பெயர்போன இடம். மருந்து இல்லேன்னா மத்த ரெண்டும் வெறும் இரும்பு. மருந்துக்கு இன்னொரு வியாதியும் உண்டு: ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊர்ல, பீப்பாயில் அடைச்சு மாசக்கணக்கா வெச்சா வீரியம் போயிடும். சும்மா வாங்கிக் குவிச்சா மட்டும் போதாது, பராமரிக்கணும்.

எதிரியோட குண்டைப் பொறுக்கிச் சுடறதிலும் ஒரு கம்பாட்டிபிலிட்டி பிரச்சினை இருக்கு. பீரங்கியை அது சுடும் குண்டோட எடையை வெச்சுத்தான் சொல்வாங்க: 12 பவுண்டர், 24 பவுண்டர். ஆனா பிரெஞ்சுப் பவுண்டு ஆங்கிலேயப் பவுண்டை விட எடை கூடுதல். ரெண்டு பேருமே "24" என்று சொன்னாலும் பிரெஞ்சுக் குண்டு கொஞ்சம் பெருசு. சின்னக் குண்டைப் பெரிய குழாயில் போட்டுச் சுடலாம், ஆனா சுத்தி இருக்கிற இடைவெளி வழியா அழுத்தம் கசிஞ்சு வேகம் குறையும். பெரிய குண்டைச் சின்னக் குழாயில் திணிச்சா, சுடறவங்களுக்கே ஆபத்து. அதனால பொறுக்கின குண்டை அளந்து, ரகம் பிரிச்சு, எந்தப் பீரங்கிக்கு எதுன்னு அடுக்கணும். குண்டு பறந்துக்கிட்டு இருக்கும்போதே இது நடக்கணும்.

67 நாள்

1758 டிசம்பர் நடுவில் லாலியின் படை மெட்ராஸுக்கு வந்தது. டிசம்பர் 14 அன்று கருப்பர் நகரத்துக்குள் நுழைஞ்சது. இன்னைக்கு நாம ஜார்ஜ் டவுன்னு சொல்ற முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை பகுதிதான் அது. வீடுகளைக் கொள்ளையடிச்சாங்க. கிடைச்ச சாராயத்தைக் குடிச்சுட்டுச் சிப்பாய்கள் தெருவுல தள்ளாடினாங்க. அதைப் பார்த்து கர்னல் டிரேப்பர் தலைமையில் கோட்டையிலிருந்து ஒரு படை வெளியே வந்து தாக்கியது. ரெண்டு பக்கமும் நல்ல அடி. ஆனா ஊர் லாலி கையிலேயே இருந்தது.

கோட்டைக்குள்ளே கவர்னர் ஜார்ஜ் பிகட், படைக்கு ஸ்டிரிங்கர் லாரன்ஸ். ஐரோப்பியர் கணக்கில் 1,758 பேர், சிப்பாய்கள் 2,220 பேர். லாலியின் கனமான பீரங்கிகள் புதுச்சேரியிலிருந்து வந்து சேர்ந்து, மேடை கட்டி, முறையாகச் சுட ஆரம்பித்தது ஜனவரி 2-ல்தான். அந்த மூணு வாரம் கோட்டைக்குக் கிடைத்த பெரிய பரிசு.

கோட்டைக்கு வெளியே இன்னொரு போர் நடந்தது. அதுதான் நம்ம ஏரியா. செங்கல்பட்டுக் கோட்டையை ஆங்கிலேயர்கள் விடாமல் வைத்திருந்தார்கள். அங்கே கேப்டன் பிரெஸ்டன். அவரோடு சேர்ந்துகொண்டவர் முகம்மது யூசுப் கான். கமல் தொடங்கி நின்றுபோன படத்தின் நாயகன் மருதநாயகம் இவர்தான். இந்தப் படைகள் லாலி முகாமுக்கு வரும் நெல்லையும் மாட்டையும் மடக்கின, பின்புறத்தைக் குத்திக்கொண்டே இருந்தன. சப்ளை லைனை அடிச்சா போதும், கோட்டையைத் தொடவே வேண்டாம்.

பிப்ரவரி முதல் வாரத்தில் தெற்கேயிருந்து மேஜர் காலியோ வந்து இந்தப் படைகளோடு சேர்ந்து பரங்கிமலையில் நிலைகொண்டார். இதைச் சும்மா விட்டா தன் முற்றுகை முடிஞ்சுதுன்னு லாலிக்குத் தெரியும். பிப்ரவரி 9 அன்று பிரெஞ்சுப் படை மலையைத் தாக்கியது. காலியோவின் குதிரைப்படை பெரும்பாலும் ஆரம்பத்திலேயே சிதறி ஓடியது. மிஞ்சின சிப்பாய்கள் தோட்டங்கள், மதில்களை அணைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். சாயந்திரம் பிரெஞ்சுப் படை பின்வாங்கியது.

அந்த நேரத்தில் காலியோவிடமும் குண்டும் மருந்தும் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. எதிரி இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் கதை வேறு. ஜெயிச்ச அதே ராத்திரி அவர் படையைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் நகர்ந்தார். அதாவது, நாம ஜிஎஸ்டி ரோட்டுல வார இறுதிக்கு ஊருக்குப் போற அதே திசை. ஜெயித்தவர் இரவோடிரவாக இடத்தைக் காலி பண்ணுவது விசித்திரமா இருக்கும். கையிருப்பைப் பார்த்தா விசித்திரம் இல்ல.

கணக்குப் புத்தகம்

பிப்ரவரி 16 மாலை, கேப்டன் கெம்பன்ஃபெல்ட் தலைமையில் ஆறு ஆங்கிலேயக் கப்பல்கள் துணைப்படையோடு கண்ணுக்குத் தெரிந்தன. மறுநாள் காலையில் லாலியின் படை கிளம்பிவிட்டது. போகும் அவசரத்தில் 52 பீரங்கிகளை விட்டுவிட்டுப் போனார்கள். எழும்பூரில் இருந்த வெடிமருந்து ஆலையைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். எடுத்துப் போக முடியாததை எதிரிக்கு விடாதே என்பது பழைய விதி.

இனி எனக்குப் பிடிச்ச பகுதி. ராபர்ட் ஓர்ம் என்பவர் மெட்ராஸ் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர், பிறகு இந்தப் போர்களின் வரலாற்றை எழுதினார். அதில் முற்றுகையின் ஸ்டாக் கணக்கை அப்படியே கொடுத்திருக்கிறார்.

கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு 26,554. எறிந்த வெடிகுண்டு 7,502. கையெறி குண்டு 1,990. துப்பாக்கித் தோட்டா 2,00,000. செலவான மருந்து 1,768 பீப்பாய்.

மிச்சம் என்ன? பீரங்கிக் குண்டு 30,737. வெடிகுண்டு வெறும் 481. மருந்து 668 பீப்பாய்.

கவனிச்சீங்களா? இருபத்தாறாயிரம் குண்டு சுட்ட பிறகும் முப்பதாயிரம் குண்டு மிச்சம். எப்படி? கோட்டைக்குள் விழுந்தது, சுவரைச் சுற்றிக் கிடந்தது, பிரெஞ்சு மேடைகளில் இருந்தது, கருப்பர் நகரத்துக் கிணறுகளிலும் குளங்களிலும் கிடந்தது என்று பொறுக்கிச் சேர்த்த எதிரிக் குண்டுகள், கோட்டை செலவழித்த அளவுக்கு இருந்தன என்கிறார் ஓர்ம். கேன் கொடுத்து கேன் வாங்கின கணக்கு.

ஆனா மருந்தும் வெடிகுண்டும் திரும்பி வரல. ஒரு சின்னக் கணக்கு போட்டேன். பெரும்பாலான சூடு ஜனவரி 2 முதல் பிப்ரவரி 16 வரை, 46 நாளில் நடந்ததாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு சுமார் 38 பீப்பாய். அந்த வேகத்தில் மிச்சமிருந்த மருந்து 17 நாள் தாங்கும். வெடிகுண்டு? நாளைக்கு 163. மிச்சம் 481. மூணே நாள். 30,737 என்ற பெரிய எண்ணைப் பார்த்து "நம்மகிட்ட நிறைய இருக்கு" என்று யாராவது சொல்லியிருந்தால், ரெண்டரை வாரத்தில் அந்த மலை மொத்தமும் பழைய இரும்பு. மானிட்டரிங் டேஷ்போர்டுல தப்பான எண்ணைப் பார்த்து நிம்மதியாத் தூங்கின அனுபவம் நம்ம தொழில்ல நிறைய பேருக்கு இருக்கும்.

அந்த 481 கூட அதிர்ஷ்டம்தான். ஜனவரி 30-ல் ஷாஃப்ட்ஸ்பரி என்ற கம்பெனிக் கப்பல் தனியாக வந்து சேர்ந்தது. அதில் வெள்ளிப் பெட்டிகளோடு, கோட்டைக்கு அவசரமாகத் தேவைப்பட்ட வெடிகுண்டுகளும் கையெறி குண்டுகளும் இருந்தன.

லாலி பக்கம்? புதுச்சேரிக் கிடங்கிலிருந்த எல்லா வெடிகுண்டும் தீர்ந்தது. மொத்தம் சுமார் 8,000 எறிந்தார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி கோட்டைக்குள்ளிருந்த கட்டடங்கள் மீது விழுந்தது. கோட்டையின் வடபாதியில் கூரை பிய்யாத கட்டடம் ஒன்றுகூட இல்லை என்கிற அளவுக்கு. பார்க்கப் பெரிய நாசம். சுவரும் பீரங்கியும் நின்றுகொண்டுதான் இருந்தன. திரும்பக் கிடைக்காத பொருளை, கண்ணுக்குப் பெருசாத் தெரியற இலக்குல செலவழிச்சாங்க.

தோல்விக்கு இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். சம்பளம் கொடுக்கக் காசு இல்ல, அதிகாரிகளுக்குள்ள சண்டை, கடல் கையில் இல்ல. ஆனா இதெல்லாம் கடைசியில வந்து நின்ன இடம் காலிக் கிடங்கு.

கிணத்துல கிடந்த குண்டு

இப்போ என்னோட மூணாவது கேள்வி. விலை கொடுத்தது யார்?

ஓர்மோட அந்த ஒரு வரியில நான் ரொம்ப நேரம் நின்னேன்: கருப்பர் நகரத்துக் கிணறுகளிலும் குளங்களிலும் கிடந்த குண்டுகள். கோட்டைக்கும் பிரெஞ்சு மேடைகளுக்கும் நடுவே யாரோ குடிச்ச தண்ணி அது. யாரோ குளிச்ச குளம். யாரோட முற்றத்துலயோ இருந்த கிணறு. 30,737 என்ற அழகான எண்ணுக்குள் அந்த வீடுகள் இருக்கின்றன. அந்தக் கிணத்துல இறங்கிப் பத்துக் கிலோ இரும்பைத் தூக்கினவங்க பேர் கணக்குப் புத்தகத்துல இல்ல. தூக்கின இரும்போட எண்ணிக்கை மட்டும் இருக்கு.

சிப்பாய்கள் கணக்கு இருக்கு. 105 பேர் செத்தார்கள், 217 பேருக்குக் காயம், 440 பேர் ஓடிப்போனார்கள். ஓடிப்போனவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு மனசு வரல. ரெண்டு கம்பெனி சண்டையில் நடுவே நின்ன நம்ம ஊர்க்காரங்க. வெளியே குடும்பம் கொள்ளை போன தெருவுல இருந்திருக்கலாம். செங்கல்பட்டு வட்டாரத்துக் கிராமங்களும் அப்படித்தான். ரெண்டு பக்கப் படையும் நெல்லை எடுத்தது, மாட்டை எடுத்தது. ஒரு படையின் கையிருப்பு, ஒரு ஊரின் பட்டினி.

முற்றுகை முடிந்த பிறகும் முடியல. இனி எதிரி வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்து கோட்டையை நெருங்கக் கூடாது என்று கோட்டைக்கு முன்னால் திறந்தவெளி காக்கப்பட்டது. 1773-ல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள்: இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் கட்டக்கூடாது. அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் வாசலில் இன்னும் நிற்கிறது. அடுத்த தடவை பஸ்ஸுக்கு நிக்கும்போது பாருங்க.

லாலிக்கு 1760 ஜனவரியில் வந்தவாசியில் பெரிய தோல்வி. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. பிரான்சில் அவர்மேல் வழக்கு நடந்து, 1766-ல் தலை வெட்டப்பட்டது. பரங்கிமலை பிறகு மெட்ராஸ் பீரங்கிப்படையின் தலைமையிடமானது. குண்டு தீர்ந்துபோய் ராத்திரியோட ராத்திரியா ஆள் கிளம்பின அதே மலை.

பிரச்சினை பழசாகல. 1915-ல் பிரிட்டனில் பீரங்கிக் குண்டுத் தட்டுப்பாடு ஒரு அரசியல் நெருக்கடியாகவே மாறியது. 2017-ல் நம்ம சிஏஜி அறிக்கை, ராணுவத்தின் தோட்டா, குண்டு வகைகளில் 40 சதவீதம் பத்து நாள் போருக்குக்கூடப் போதாது என்றது. இருக்க வேண்டிய அளவு 40 நாள். மொத்தம் எவ்வளவு இருக்கு என்பதை விட, எந்த வகை முதல்ல தீரும் என்பதுதான் இப்பவும் கேள்வி.

கடைசியா, என் எட்டுப் பால் பாக்கெட். அன்னைக்கு எங்க வீட்டுல அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, ஒரு மாசம் தாங்கும். பால் மட்டும்தான் இல்ல. தீர்ந்துபோற பொருள் எதுன்னு எனக்குச் சரியாத் தெரிஞ்சிருந்தது. அது என் வீட்டுல தங்காதுங்கிறதையும், அதே பொருள் இன்னொரு வீட்டுல யாருக்கு அவசரம்ங்கிறதையும்தான் யோசிக்கல. அம்மா அந்த மூணு பாக்கெட்டையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாங்க. எங்களுக்கு அன்னைக்குக் கட்டங்காப்பி.

அடுத்த தடவை பீச் ட்ரெயின்ல போகும்போது பரங்கிமலை ஸ்டேஷன் வந்தா ஒரு நிமிஷம் போனைக் கீழே வெச்சுட்டு மலையைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.